அறைச் சூட்டில் பிறக்கும் வெளிச்சம்

இன்று கையடக்கத் தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பிள்ளைகளின் பாடம், தூர தேசத்தில் தொழில் செய்யும் கணவரின் முகம், மகள் வீட்டுப் பேரக்குழந்தையின் சிரிப்பு யாவும் அந்தச் சிறிய திரையினூடாகவே நம் வீட்டுக்குள் வருகின்றன. காலையில் நிறைய மின்னேற்றிய பற்றரி மாலைக்கு முன்பே இறங்கிவிடுகிறது என்ற முறைப்பாடும் வீட்டுக்கு வீடு கேட்கிறது. பற்றரியை அதிகம் தின்பவற்றுள் திரையும் ஒன்று.

அத்திரை எவ்வாறு வெளிச்சம் தருகிறது என்று நாம் சிந்தித்ததுண்டா? பழைய குண்டு பல்பில் உள்ளது போன்று அதில் சூடேறும் இழை கிடையாது. தற்காலத் தொலைபேசிகள் பலவற்றில், காபனை அடிப்படையாகக் கொண்ட சேதன மூலக்கூறுகள் மெல்லிய படலமாகப் பூசப்பட்டுள்ளன. மின்சாரம் பாய்ந்தவுடன் அம்மூலக்கூறுகளே ஒளிவிடுகின்றன. இவ்வகைத் திரையை 'ஓலெட்' என அழைக்கின்றனர்.

இதில் ஒரு பெருங்குறை இருந்தது. மூலக்கூறுகளுக்குக் கொடுக்கப்பட்ட சக்தியில் நான்கில் மூன்று பங்கு வெளிச்சமாகாமலேயே அழிந்து போனது. ஒரு கொத்து அரிசியை உலையிலிட்டு, கால் கொத்துச் சோற்றை மட்டும் எடுத்தது போன்ற நிலை இது. அந்த முக்கால் பங்கை மீட்பதற்கு ஜப்பானிய விஞ்ஞானிகள் துணைக்கழைத்தது எதை என்பதுதான் வியப்புக்குரியது. நாம் இருக்கும் அறையில் எந்நேரமும் உள்ள சாதாரண சூட்டையே அவர்கள் பயன்படுத்தினர்!

சலவைத் தூளும் சமையலறை மஞ்சளும்

மூலக்கூறுகள் ஒளிவிடுவது நமக்குப் புதிய விடயமன்று. நாணயத்தாளைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ், தோய்த்த வெள்ளைச் சேட்டைப் பிடித்தால் அது நீல நிறமாகப் பளிச்சிடும். சலவைத் தூளில் சேர்க்கப்பட்டுள்ள ஒருவகைச் சேதனச் சேர்வை துணியில் ஒட்டிக் கொண்டிருப்பதே அதற்குக் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடுகிறது. வெள்ளை உடுப்பு வெயிலில் 'பளிச்' என்று தெரிவதன் இரகசியமும் இதுவே. மஞ்சள் தூளை எண்ணெயில் கரைத்து அதே விளக்கின் கீழ் வைத்தால், மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் பச்சை கலந்த மஞ்சள் ஒளி விடுவதைக் காணலாம்.

சக்தியைப் பெற்ற மூலக்கூறிலுள்ள இலத்திரன் ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. பின்னர் அது கீழே இறங்கும்போது, பெற்ற சக்தியை ஒளியாக விட்டுவிடுகிறது. தாவலும் இறங்கலும் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல இலட்சம் மடங்கு விரைவாக நடந்து முடிகின்றன. விஞ்ஞானிகள் இதனை 'புளோரசன்ஸ்' என்பர். நாம் 'ஒளிர்வு' எனலாம்.

சலவைத் தூளுக்குச் சக்தி கொடுப்பது வெயில். ஓலெட் திரைக்குச் சக்தி கொடுப்பது மின்சாரம். இந்த ஒரு வேறுபாட்டில்தான் சிக்கல் முழுவதும் தொடங்கியது.

நால்வரில் ஒருவருக்கே வழி

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் போப்பும் அவரது சகாக்களும் அந்திரசீன் என்ற சேர்வையின் படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தி ஒளியைப் பெற்றனர். அலுமாரியில் உடுப்புகளுக்கிடையே போடும் நப்தலீன் உருண்டைக்கு அந்திரசீன் நெருங்கிய உறவு. ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ற்று மின்னழுத்தம் தேவைப்பட்டதால் வீட்டுப் பாவனைக்கு அது உதவவில்லை.

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும் மிக மெல்லிய இரு சேதனப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, 10 வோல்ற்றுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் பச்சை ஒளியைப் பெற்றனர். இன்றைய ஓலெட் திரைகள் அனைத்துக்கும் அதுவே மூலம்.

ஆயினும் இயற்கையின் ஒரு சட்டம் குறுக்கே நின்றது. திரையின் ஒரு பக்கத்திலிருந்து இலத்திரன்கள் வருகின்றன. மறுபக்கத்திலிருந்து இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள் வருகின்றன. இவை இரண்டும் ஒரு மூலக்கூறில் சந்தித்துச் சோடி சேரும்போதுதான் ஒளி பிறக்க வேண்டும். இலத்திரனுக்குச் 'சுழற்சி' என்றொரு பண்பு உண்டு. அதன் காரணமாக இச்சோடி நான்கு விதமாக அமையலாம். அவற்றில் ஒன்று 'ஒற்றை நிலை' எனப்படும். அது உடனே ஒளிவிடும். ஏனைய மூன்றும் 'மும்மை நிலை' எனப்படும். சாதாரண சேதன மூலக்கூறில் அவை ஒளிவிடுவதற்கு இயற்கை இடமளிப்பதில்லை. அவை தமது சக்தியைச் சூடாக இழந்து அணைந்து போகின்றன.

நூறு சோடிகள் உருவானால் இருபத்தைந்து மாத்திரமே வெளிச்சமாகும். அந்த வெளிச்சத்திலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும். மீதி உள்ளேயே சிறைப்பட்டுவிடும். ஆகவே நூறு பங்கு கொடுத்தால் நம் கண்ணுக்கு வருவது ஐந்து பங்கு மாத்திரமே!

அரிய உலோகத்தின் உதவி

இதற்கு முதலில் கண்டுபிடிக்கப்பட்ட வழி பாரமான உலோகங்களைச் சேர்ப்பதாகும். 1998இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பொரஸ்டும், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் தொம்சனும் தமது குழுவினருடன் பிளாட்டினம் கொண்ட மூலக்கூறைப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டில் இரிடியம் என்ற உலோகத்தைப் பயன்படுத்தினர். இப்பாரமான அணுக்களின் முன்னிலையில் சுழற்சியின் தடை தளர்கிறது. ஒளிவிடாத மும்மை நிலையும் ஒளிவிடத் தொடங்குகிறது. இதனை 'பொஸ்பரசன்ஸ்' என்பர். இன்றுவரை நம் தொலைபேசித் திரைகளின் சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் இவ்வழியிலேயே கிடைக்கின்றன.

ஆனால் இரிடியம் பூமியின் மேலோட்டில் மிக அரிதாகக் கிடைப்பது. உலகில் ஆண்டொன்றுக்கு எடுக்கப்படுவது ஒரு சில தொன்களே. அதில் பெரும்பகுதி தென்னாபிரிக்காவில், பிளாட்டினம் எடுக்கும்போது உடன்விளைவாகக் கிடைக்கிறது. தேவை கூடினாலும் உற்பத்தியை நினைத்தபடி கூட்ட முடியாது. ஒரு திரைக்குத் தேவைப்படும் அளவு மிகச் சிறிதுதான். எனினும் அரிய பொருளில் தங்கியிருக்கும் தொழில் விலையேற்றத்துக்கு அஞ்சியே நடக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, இரிடியத்தால் நீண்ட நாள் நிலைக்கும் நல்ல நீலத்தைப் பெறுவது கடினமாக இருந்தமையாகும்.

ஒரு சிறிய படி

அரிய உலோகம் எதுவுமின்றி அந்த முக்கால் பங்கை மீட்க முடியாதா என்பதே ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகப் பேராசிரியர் சிஹாயா அடாச்சியின் கேள்வி. விடைக்கான குறிப்பு பழைய நூல்களிலேயே இருந்தது.

சிவப்பு மையில் பயன்படும் இயோசின் என்ற சாயத்தை ஆராய்ந்தவர்கள், விளக்கை அணைத்த பின்னரும் அது சிறிது பிந்தி ஒளிவிடுவதைக் கண்டனர். 1961இல் பிரித்தானியரான பார்க்கர், ஹச்சார்ட் ஆகிய இருவரும் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினர். சூடாக்கினால் அந்தப் பிந்திய ஒளி கூடியது, குளிராக்கினால் குறைந்தது. சூடுதான் அதனை எழுப்புகிறது என்பது புலனாயிற்று. ஆனால் அது ஆய்வுகூட விநோதமாகவே நெடுங்காலம் இருந்து வந்தது.

இதனை விளங்கிக் கொள்ள ஒரு வீட்டை மனதில் எண்ணிக் கொள்ளுங்கள். அந்த வீட்டில் உயரமான விறாந்தை ஒன்றும் பள்ளமான அறை ஒன்றும் உள்ளன. விறாந்தையிலிருந்து தெருவுக்கு வாசல் உண்டு. அறைக்கு வெளிவாசல் இல்லை. விருந்தினர் நால்வர் வந்தால் ஒருவர் விறாந்தையில் இறங்குகிறார். மூவர் அறையில் அகப்பட்டுக் கொள்கின்றனர். அவர்கள் வெளியே வர வேண்டுமானால் விறாந்தைக்கு ஏற வேண்டும். ஏறும் படி ஆள் உயரமாக இருந்தால் எவராலும் முடியாது. படி கணுக்கால் அளவே என்றால் சிறு குழந்தையும் ஏறிவிடும்.

விறாந்தைதான் ஒற்றை நிலை. அறைதான் மும்மை நிலை. சூடு என்பது அணுக்களின் ஓயாத அசைவன்றி வேறில்லை. அந்த அசைவே உள்ளே இருப்பவர்களை மேலே தள்ளிவிடும் கை. சாதாரண சேதன மூலக்கூறுகளில் இப்படியின் உயரம், அறைச் சூட்டின் சராசரித் தள்ளலைப் போல இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று இருக்கும். எனவே சூட்டினால் பயன் விளைவதில்லை. படியைத் தாழ்த்திவிட்டால் அறைச் சூடே போதும். கீழே அகப்பட்ட மூன்று பங்கும் சற்றுப் பிந்தியேனும் மேலேறி ஒளியாக வெளியேறும். இதற்கு இடப்பட்ட பெயர் 'வெப்பத்தால் தூண்டப்படும் தாமத ஒளிர்வு'.

படியைத் தாழ்த்துவது எப்படி? இலத்திரன் முன்பு இருந்த இடத்தையும் தாவிச் செல்லும் இடத்தையும் மூலக்கூறினுள் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்க வேண்டும். இதற்காக மூலக்கூறின் ஒரு பகுதியை இலத்திரனைக் கொடுப்பதாகவும், மறுபகுதியை வாங்குவதாகவும் அமைத்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று திருகி நிறுத்துகின்றனர். ஆனால் அளவு மீறி விலக்கினால் இலத்திரன் திரும்பி இறங்குவது கடினமாகி ஒளியே மங்கிவிடும். கறிக்கு உப்புப் போடுவதைப் போன்று, கூடாமலும் குறையாமலும் அமைய வேண்டும். இப்பக்குவத்தைக் கண்டறிவதில்தான் ஆண்டுகள் கழிந்தன.

கியூஷூவின் பச்சை ஒளி

அடாச்சியின் குழு 2009இல் வெள்ளீயம் கொண்ட சேர்வையிலும், 2011இல் உலோகமே இல்லாத சேர்வையிலும் இந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தது. 2012ஆம் ஆண்டு டிசம்பரில், ஹிரோகி உயோயாமாவும் அடாச்சியும் மற்றும் மூவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது.

அவர்கள் உருவாக்கிய மூலக்கூறுகளுள் சிறந்து விளங்கியது, சுருக்கமாக '4சிஇசட்ஐபிஎன்' என்று அழைக்கப்படும் பச்சை மூலக்கூறாகும். காபன், ஐதரசன், நைதரசன் ஆகிய மூன்று சாதாரண மூலகங்களே அதில் உள்ளன. நடுவில் ஒரு பென்சீன் வளையம். அதில் இலத்திரனை இழுக்கும் இரண்டு சயனோக் கூட்டங்கள். சுற்றிவர இலத்திரனைக் கொடுக்கும் நான்கு காபசோல் கூட்டங்கள். இட நெருக்கடியால் அந்த நான்கும் நேராக நிற்க முடியாமல் தாமே திருகிக் கொள்கின்றன. வேண்டிய திருகல் நெருக்கடியாலேயே கிடைத்துவிடுகிறது!

இம்மூலக்கூறில் படியின் உயரம் அறைச் சூட்டின் தள்ளலைப் போல் மூன்று மடங்கு மாத்திரமே. உடனடியாக வரும் ஒளிக்கு ஒரு செக்கனை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஏறத்தாழ 18 பங்கு நேரம் செல்கிறது. படியேறி வரும் தாமத ஒளிக்கு அதே அளவில் சுமார் 5,000 பங்கு செல்கிறது. தாமதம் என்று நாம் சொன்னாலும் கண்ணுக்கு அது தெரியவே போவதில்லை.

பெறுபேறு எப்படி? திரைக்கு வெளியே வந்த பச்சை ஒளி நூற்றுக்கு 19க்கும் சற்று மேல். முன்பு ஐந்து வீதம் என்று கண்டோமல்லவா? ஒளி வெளியேறும் போது ஏற்படும் இழப்பைக் கழித்துப் பார்த்தால், உள்ளே உருவான சோடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஒளியாகியுள்ளன என்பது இதன் பொருள். வீணென்று கைவிடப்பட்ட முக்கால் பங்கு அநேகமாக முழுவதுமே மீட்கப்பட்டுவிட்டது.

நீலம் தரும் தொல்லை

இவ்வளவு நல்ல முறையாயின் இன்று எல்லாத் திரைகளிலும் இது இருக்க வேண்டுமே எனச் சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தடையாக நிற்பது நீல நிறம்.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றினுள் அதிக சக்தி கொண்டது நீலம். நீல ஒளிதரும் மூலக்கூறு அத்தனை சக்தியையும் சுமந்து கொண்டு படியேறக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் வேளையில் சக்தி நிறைந்த இன்னொரு மூலக்கூறு அருகில் இருந்தால் இருவரது சக்தியும் ஒன்று சேர்ந்துவிடும். அவ்வாறு சேர்ந்த சக்தி, மூலக்கூறின் அணுக்களைப் பிணைத்திருக்கும் பிணைப்பையே உடைக்கப் போதுமானது. உடைந்த மூலக்கூறு மீண்டும் ஒளிவிடாது. எனவேதான் நீலம் விரைவில் தேய்கிறது. நெடுநாள் பாவித்த சில ஓலெட் திரைகளில் எழுத்துப் பலகையின் நிழல் படிந்திருப்பதும், வெண்மை மஞ்சள் சாயலாக மாறுவதும் இத்தகைய தேய்மானத்தின் அடையாளங்களே. இதனால் சந்தையிலுள்ள திரைகளில் நீலத்துக்கு மட்டும், திறன் குறைந்தாலும் நீடித்து உழைக்கும் பழைய ஒளிர்வு முறையையே பெரும்பாலும் கைக்கொண்டு வந்துள்ளனர்.

மற்றொரு குறை நிறத்தின் தூய்மை. திருகிய மூலக்கூறு ஆடி அசைவதால் அதன் ஒளி பல சாயல்கள் கலந்து வருகிறது. தொலைக்காட்சிக்கோ தெளிந்த நிறம் வேண்டும்.

இவற்றுக்கும் தீர்வுகள் தேடப்பட்டுள்ளன. 2014இல் அடாச்சியின் குழு வேலையை இருவருக்குப் பங்கிட்டது. தாமத ஒளிர்வு மூலக்கூறு சக்தியைச் சேகரித்து, தானே ஒளிவிடாமல், தூய நிறம் தரும் வேறொரு மூலக்கூறிடம் ஒப்படைத்துவிடும். உம்மா சமைத்ததை மகள் பரிமாறுவதைப் போல! இம்முறையை வர்த்தகத்துக்குக் கொண்டுவரும் நோக்கோடு 2015இல் பூக்குவோக்கா நகரில் 'கியூலக்ஸ்' என்ற நிறுவனமும் ஆரம்பிக்கப்பட்டது.

2016இல் ஜப்பானின் குவான்செய் காகுயின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகூஜி ஹதகேயாமா வேறொரு வழியைக் காட்டினார். போரன் அணுவையும் நைதரசன் அணுவையும் விறைப்பான தட்டை மூலக்கூறொன்றில் உரிய இடங்களில் வைத்தார். இதில் இலத்திரன் தூரத்துப் பகுதிக்குச் செல்லாமல் பக்கத்து அணுவுக்கே தாவுகிறது. மூலக்கூறு ஆடாததால் நீலம் மிகத் தூய்மையாக வருகிறது. 2019இல் அவரது குழுவினர் இவ்வகையில் மேம்பட்ட மூலக்கூறொன்றால் நூற்றுக்கு 34 வீதத்துக்கும் மேற்பட்ட நீல ஒளியைத் திரைக்கு வெளியே கொண்டுவந்தனர். எனினும் நெடுநாள் நிலைத்து நிற்கும் நீலம் என்ற இலக்கை நோக்கிய போட்டி தொடர்கிறது. பொஸ்பரசன்ஸ் முறையினரும் சும்மா இருக்கவில்லை. பொஸ்பரசன்ட் நீலத்தைப் பழைய ஒளிர்வு நீலத்துடன் அடுக்கிய திரையை வர்த்தக ரீதியில் உற்பத்தி செய்ய முடியும் என உறுதிப்படுத்தியுள்ளதாக, 2025 மே மாதத்தில் தென் கொரியாவின் எல்.ஜி. டிஸ்பிளே நிறுவனம் அறிவித்தது.

மீண்டும் மஞ்சள்

நமது சமையலறை மஞ்சளுக்கும் இந்த ஆய்வில் ஓர் இடம் கிடைத்தமை சுவையான செய்தி. 2018இல் அடாச்சியின் குழுவினரும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து, குர்குமினின் அமைப்பைத் தழுவிய, போரன் சேர்ந்த மூலக்கூறொன்றை உருவாக்கினர். அது கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பை அண்மித்த ஒளியைத் தாமத ஒளிர்வு முறையில் தந்தது. திறன் நூற்றுக்குப் பத்து வீதத்தை நெருங்கியது. அத்தகைய ஒளி உடலின் தசையினூடாக ஓரளவு ஊடுருவ வல்லது. ஆகையால் மருத்துவ உணர்கருவிகளுக்கு அது பயன்படக்கூடும் என எதிர்பார்க்கப்படுகிறது. அம்மியில் அரைத்த மஞ்சளின் உறவுக்காரர் அதிநவீன ஆய்வுகூடத்தில் அமர்ந்திருக்கிறார்!

நாம் கவனிக்க வேண்டியவை

ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒளிர்கிறது. கறுப்பாகத் தெரியும் இடத்தில் புள்ளி அணைந்தே இருக்கும். எனவே இத்தகைய தொலைபேசியில் கரும்பின்னணியைத் தெரிவு செய்தால் பற்றரி மிச்சப்படும். பின்னால் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும் எல்.சி.டீ. திரைகளில் இதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. ஓலெட் திரையின் பிரகாசத்தைத் தேவைக்கு மேல் கூட்டாதிருப்பதும், அசையாத ஒரே படத்தை மணிக்கணக்கில் விட்டு வைக்காதிருப்பதும் அதன் நீலத்தின் ஆயுளைக் கூட்டும். பாவித்த தொலைபேசியை வாங்குவோர், திரையில் முழு வெள்ளைப் படமொன்றை வைத்து, நிழல் படிந்துள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

உயர்தரத்தில் விஞ்ஞானம் பயிலும் நம் பெண்பிள்ளைகள் 'இந்த பென்சீன் வளையத்தைப் படித்து என்ன பயன்?' என்று சலித்துக் கொள்வதுண்டு. அவர்களிடம் இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். அவர்களது அப்பியாசக் கொப்பியில் வரையும் அதே வளையத்தைச் சுற்றி நான்கு கூட்டங்களைத் திருகி நிறுத்தியதால்தான், இருளாகிப் போன முக்கால் பங்கு ஒளியாயிற்று. நீலத்தின் புதிர் இன்னும் முற்றாக அவிழவில்லை. நல்ல இரசாயனவியல் மாணவி ஒருத்திக்கு அங்கே செய்வதற்கு நிறைய வேலை இருக்கிறது.